இரண்டு வருஷப் படிப்பு, நூத்தி எழுபது வருஷச் சண்டை

அமெரிக்காவில் 'அசோசியேட் இன் ஆர்ட்ஸ்' என்று ஒரு பட்டம் இருக்கு. சுருக்கமா ஏ.ஏ. ரெண்டே வருஷம், அறுபது கிரெடிட். நம்ம ஊர் கணக்கில் இது டிகிரியும் இல்லை, டிப்ளமோவும் இல்லை. அதிலும் 'லிபரல் ஆர்ட்ஸ்' பிரிவில் ஏ.ஏ. என்றால் சுத்தம். கொஞ்சம் ஆங்கிலக் கட்டுரை, கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் தத்துவம், ஒரு கணக்கு பேப்பர், ஒரு சயின்ஸ் லேப், கூட சமூகவியலோ மனோதத்துவமோ ஏதோ ஒண்ணு. ஓட்டல் மினி மீல்ஸ் மாதிரி எல்லாத்திலும் ஒரு கிண்ணம்.

"இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?"னுதானே கேக்க வர்றீங்க? பி.ஈ. முடிச்சோமா, கம்பெனியில் சேர்ந்தோமா, கோட் அடிச்சோமான்னு இருக்கிற நம்ம வகையறாவுக்கு முதலில் வாயில் வர்ற கேள்வி அதுதான். பன்னிரண்டாவதில் மார்க் குறைஞ்சவன்தான் ஆர்ட்ஸ் குரூப்புக்குப் போவான் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்காங்க இல்லையா!

ஆனா ஒரு விஷயம் கவனிங்க. அமெரிக்காவில் வருஷா வருஷம் கொடுக்கப்படும் அசோசியேட் பட்டங்களில் அதிகமானது இந்த லிபரல் ஆர்ட்ஸ், பொதுப்படிப்பு வகையில்தான். அதைப் படிப்பவர்களில் பலர் பகலில் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை பார்த்துவிட்டு, குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டு, மாலையில் சப்வே ரயிலில் நின்றுகொண்டே நோட்ஸ் படிப்பவர்கள். வசதியானவன் வீட்டுப் பிள்ளை பொழுதுபோக்காகப் படிக்கிற படிப்பை இவங்க எதுக்குப் படிக்கணும்? இவங்களுக்கு அதை யார் கொடுத்தாங்க? சும்மா கொடுத்தாங்களா, சண்டை போட்டு வாங்கினாங்களா?

இதுக்கு பதில் தேடினால் ஒரு ஊரில் போய் நிற்கும். நியூயார்க். 'சிட்டி யுனிவர்சிட்டி ஆஃப் நியூயார்க்', செல்லமா 'க்யூனி'. நகரத்தோட சொந்தப் பல்கலைக்கழகம். அதன் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதல்ல பேர் ராசி

'லிபரல்' என்றதும் அரசியல் என்று நினைக்க வேண்டாம். லத்தீனில் 'லிபெர்' என்றால் சுதந்திரமானவன், அடிமை அல்லாதவன். சுதந்திரக் குடிமகனுக்கு உகந்த கலைகள்தான் லிபரல் ஆர்ட்ஸ். ஐரோப்பிய மத்திய காலத்தில் இதை ஏழாக வகுத்து வைத்திருந்தார்கள். இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை மூணு. எண்கணிதம், வடிவியல், வானவியல், இசை நாலு. நெசவு, கொல்லு வேலை, விவசாயம் இதெல்லாம் 'கைத்தொழில் கலைகள்' என்ற இன்னொரு பட்டியலில்.

ஆக பேரிலேயே ஒரு வேலி இருக்கு. உட்கார்ந்து யோசிக்க நேரம் உள்ளவனுக்கு ஒரு படிப்பு, கையால் உழைப்பவனுக்கு வேறு படிப்பு. கீழே சொல்லப்போகும் சண்டை அத்தனையும் இந்த வேலியைப் பத்தித்தான்.

1847: ஒரு பீங்கான் வியாபாரியின் யோசனை

டவுன்செண்ட் ஹாரிஸ் என்று ஒரு மனுஷன். நியூயார்க்கில் பீங்கான் பாத்திர இறக்குமதி வியாபாரம். காலேஜ் பக்கம் போனவரில்லை. நகரக் கல்வி வாரியத்தின் தலைவரானார். (பிற்பாடு 1856-ல் ஜப்பானுக்கு அமெரிக்காவின் முதல் கன்சல் ஜெனரலாகப் போனதும் இவர்தான். சரித்திரப் புத்தகங்களில் அதுக்காகத்தான் பேர் வாங்கினார்.) அவர் கேட்டது எளிமையான கேள்வி: பள்ளிக்கூடம் வரைக்கும் ஊர்க் காசில் இலவசமா சொல்லிக் கொடுக்கிறோமே, காலேஜ் மட்டும் ஏன் பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு?

1847-ல் நகர மக்களிடம் ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவாக 19 ஆயிரத்துச் சொச்சம், எதிராக 3 ஆயிரத்துச் சொச்சம். 1849 ஜனவரியில் லெக்சிங்டன் அவென்யூவும் 23-வது தெருவும் சந்திக்கும் முனையில் 'ஃப்ரீ அகாடமி' திறந்தது. பேரே 'இலவசக் கலாசாலை'! ஃபீஸ் கிடையாது. இதுதான் பிறகு சிட்டி காலேஜ் ஆனது. பெண்களுக்கு என்று 1870-ல் தனியா ஒரு கல்லூரி வந்தது, அது இன்றைய ஹண்டர் காலேஜ்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்கிய யூதர்களின் பிள்ளைகள் இங்கே கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். பெரிய தனியார் பல்கலைக்கழகங்கள் யூத மாணவர் எண்ணிக்கையை ஓசைப்படாமல் குறைத்து வைத்திருந்த காலம் அது. தையல் தொழிலாளி மகனுக்கு சிட்டி காலேஜ்தான் கதி. 'ஏழைகளின் ஹார்வர்ட்' என்றே பேராயிற்று. போலியோ தடுப்பு மருந்து கண்ட ஜோனாஸ் சால்க் 1934-ல் இங்கே பட்டம் வாங்கியவர்.

நம்ம துறைக்காரங்களுக்காக இன்னும் ரெண்டு பேர். 1960-ல் பட்டம் பெற்றவர்களில் ஒருவர் எலக்ட்ரிக்கல் படித்த ராபர்ட் கான். டி.சி.பி/ஐ.பி. கண்டுபிடித்த இருவரில் ஒருவர். இந்தப் பதிவு உங்க கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்ததே அந்தப் புண்ணியவான் தயவில்தான். அதே வருஷம் கெமிக்கல் படித்து முடித்த இன்னொருவர் ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்திறங்கி மூணு வருஷம் ஆனவர். பேர் ஆண்ட்ரூ க்ரோவ். பின்னாளில் இன்டெல் தலைவர். 2005-ல் 26 மில்லியன் டாலரை சிட்டி காலேஜுக்கே திருப்பிக் கொடுத்தார்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதில் ஒரு கொக்கி. ஃபீஸ் இலவசம், இடம் இலவசமில்லை. கூட்டம் சேரச் சேர கட்-ஆஃப் மார்க் ஏறிக்கொண்டே போனது. கட்-ஆஃபுக்குக் கீழே இருந்தவன் கதி?

நடுவுல ஒரு ஏணி (அல்லது வேலி)

அவனுக்காக வந்ததுதான் ரெண்டு வருஷப் படிப்பு என்று சொல்லலாம். ஆனா அது பிறந்த இடம் நியூயார்க் இல்லை, சிகாகோ.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். ஹீப்ரு பண்டிதர். 14 வயசில் காலேஜ் முடித்து 18 வயசில் யேல் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. வாங்கிய ஆசாமி. 1892-ல் பல்கலைக்கழகம் திறந்தபோதே நாலு வருஷப் படிப்பை ரெண்டு ரெண்டாகப் பிரித்தார். முதல் ரெண்டு வருஷம் பள்ளிக்கூடத்தின் தொடர்ச்சிதான், உண்மையான பல்கலைக்கழக வேலை மூணாவது வருஷம்தான் ஆரம்பிக்குது என்பது அவர் கட்சி. 1900 வாக்கில் முதல் ரெண்டு வருஷத்தை முடித்தவர்களுக்கு 'அசோசியேட்' பட்டம் கொடுக்க ஆரம்பித்தார். அத்தோடு போக விரும்புபவன் கௌரவமாகப் போகட்டும், மிச்சம் இருப்பவன் ஆராய்ச்சிக்கு லாயக்கானவனாக இருக்கட்டும்!

1901-ல் பக்கத்து ஊரான ஜோலியட்டில், அவர் நண்பரான ஹைஸ்கூல் பிரின்சிபால் ஸ்டான்லி பிரவுன் தன் பள்ளியிலேயே காலேஜ் பாடங்களைத் தொடங்கினார். ஆறே மாணவர்கள். அந்த ஜோலியட் ஜூனியர் காலேஜ்தான் இன்றைக்கும் நடக்கும் மிகப் பழைய அரசு ஜூனியர் காலேஜ்.

ஆக இந்தப் பட்டத்துக்குப் பிறவியிலேயே ரெட்டை முகம். ஒரு பக்கம் பார்த்தா ஏணி. வீட்டுப் பக்கத்திலேயே குறைந்த செலவில் ரெண்டு வருஷம் படித்து, அப்புறம் பெரிய இடத்துக்கு மாறலாம். இன்னொரு பக்கம் பார்த்தா வேலி. 'நீ அங்கேயே இரு, இங்கே வராதே.' 1960-ல் பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர் கலிஃபோர்னியாவில் ஒரு ஜூனியர் காலேஜை ஆராய்ந்து எழுதிய கட்டுரை இன்றைக்கும் பேசப்படுது. பெரிய கனவோடு வரும் மாணவனைக் கோபப்படாத மாதிரி பக்குவமாகப் பேசி, கனவைக் குறைத்துக்கொள்ள வைப்பதுதான் இந்தக் காலேஜ்கள் சத்தமில்லாமல் செய்யும் வேலை என்றார். சூடான ஆளை ஆறப்போடுவது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வேகம் கூடியது. 1944 சட்டத்தில் போர்வீரர்களுக்கு அரசே ஃபீஸ் கட்டியது. 1947-ல் ஜனாதிபதி ட்ரூமன் அமைத்த கமிஷன், நாடு பூரா கம்யூனிட்டி காலேஜ்கள் வேணும் என்றது. நியூயார்க்கில் ஐம்பதுகளில் ஸ்டேட்டன் ஐலண்ட், பிராங்க்ஸ், குவீன்ஸ்பரோ என்று வரிசையாக வந்தன. 1961-ல் நகரத்தின் நாலு வருஷக் கல்லூரிகளையும் ரெண்டு வருஷக் கல்லூரிகளையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்து 'சிட்டி யுனிவர்சிட்டி' என்று பேர் வைத்தார்கள். மேலே சீனியர் காலேஜ், கீழே கம்யூனிட்டி காலேஜ். ஒரே பேர், ரெண்டு மாடி.

1969: குன்றின் மேல் பூட்டு

சிட்டி காலேஜ் 1907-லிருந்து இருப்பது ஹார்லம் பகுதிக் குன்றின் மேல். சுத்தி இருப்பது கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கர்களும். உள்ளே படிப்பவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். 1965-ல் பின்தங்கிய மாணவர்களுக்கான சிறு திட்டம் ஒன்று ஆரம்பித்திருந்தது. 'சீக்' என்று பேர் பெற்ற அந்தத் திட்டத்தில் வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

1969 ஏப்ரல் 22. இருநூறு பேருக்கு மேற்பட்ட கறுப்பின, போர்ட்டோ ரிக்க மாணவர்கள் காலேஜின் தெற்கு வளாகத்தைக் கைப்பற்றி கேட்டை உள்ளிருந்து பூட்டினார்கள். ஐந்து கோரிக்கைகள். அதில் முக்கியமானது: நகரத்துப் பள்ளிகளில் எங்க பிள்ளைகள் எந்த விகிதத்தில் இருக்காங்களோ, அதே விகிதத்தில் காலேஜிலும் இருக்கணும். இன்னொரு கோரிக்கையைப் பாருங்க. வாத்தியார் வேலைக்குப் படிப்பவன் கறுப்பின, போர்ட்டோ ரிக்க வரலாறும் ஸ்பானிஷ் மொழியும் கட்டாயம் படிக்கணும். வேலை கொடு, காசு கொடுன்னு கேட்கலை. பாடத்தை மாத்துன்னு கேட்டாங்க. லிபரல் ஆர்ட்ஸ்தான் கேட்டாங்க, ஆனா தங்களையும் சேர்த்துக்கொண்ட லிபரல் ஆர்ட்ஸ்.

ரெண்டு வாரம் வளாகம் மூடிக் கிடந்தது. கைகலப்பு, தீவைப்பு, போலீஸ். காலேஜ் தலைவர் பியூயல் கேலகர் மே மாதம் ராஜினாமா செய்தார். வேந்தராக இருந்த ஆல்பர்ட் பௌக்கர் கெட்டிக்காரர். 1975-ல் கொண்டுவரலாம் என்று வைத்திருந்த 'எல்லோருக்கும் இடம்' திட்டத்தை 1970 செப்டம்பருக்கே முன்னால் இழுத்துவிட்டார்.

ரூல் என்ன தெரியுமா? நியூயார்க் நகரத்தில் ஹைஸ்கூல் முடித்த எவருக்கும் ஒரு சீட் நிச்சயம். சராசரி 80-க்கு மேல் இருந்தால், அல்லது தன் பள்ளியில் பாதிக்கு மேல் ரேங்க் இருந்தால் சீனியர் காலேஜ். மத்தவர்களுக்கு கம்யூனிட்டி காலேஜ். அந்த 'அல்லது'வை விட்டுடாதீங்க. மோசமான பள்ளிக்கூடத்தில் படித்தாலும் அங்கே முதல் பாதியில் வந்தவனுக்குக் கதவு திறந்தது. ஒற்றை வார்த்தைக் கண்டிஷனில் ஆயிரக்கணக்கான தலையெழுத்து மாறியது.

1969-ல் சுமார் 20 ஆயிரம் பேர் சேர்ந்த முதலாண்டில் 1970-ல் சேர்ந்தவர்கள் சுமார் 35 ஆயிரம். உட்கார வைக்க இடமில்லை, வாடகைக் கட்டிடங்களில் வகுப்பு. சவுத் பிராங்க்ஸில் ஹோஸ்டோஸ் கம்யூனிட்டி காலேஜ் பழைய டயர் ஃபேக்டரியில் தொடங்கியது. 1971-ல் குவீன்ஸில் லாகார்டியா கம்யூனிட்டி காலேஜ் இன்னொரு பழைய ஃபேக்டரிக் கட்டிடத்தில். கைத்தொழில் கலைகள் நடந்த இடத்தில் லிபரல் கலைகள் குடியேறின!

இன்னொரு விஷயம். கறுப்பினத்தவர் போட்ட சண்டை என்றாலும், பலன் அடைந்தவர்களில் பெரும் பங்கு இத்தாலிய, ஐரிஷ் வம்சாவளி வெள்ளைத் தொழிலாளர் குடும்பப் பிள்ளைகள். அவர்களும் அதுவரை கட்-ஆஃபுக்குக் கீழே நின்றவர்கள்தான்.

நாலாயிரம் பேப்பர்

சரி, கதவைத் திறந்தாச்சு. வந்தவர்களில் பலருக்கு ஒரு பத்தி ஆங்கிலம் பிழையில்லாமல் எழுத வரவில்லை. "தரம் போச்சு" என்று பேராசிரியர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பத்திரிகைகள் எழுதின. (இந்த 'தரம்' என்ற வார்த்தையை நமக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.)

அப்போ மினா ஷாக்னஸி என்று ஒரு அம்மா. சிட்டி காலேஜில் எழுத்துப் பயிற்சித் துறையை நடத்தியவர். புதிதாகச் சேர்ந்தவர்கள் எழுதிய சுமார் 4,000 தேர்வுத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிழையாக ஆராய ஆரம்பித்தார். 1977-ல் 'எரர்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்ற புத்தகமாக வந்தது. அவர் கண்டது: இந்தப் பிழைகள் சோம்பேறித்தனமோ முட்டாள்தனமோ இல்லை. ஒவ்வொரு பிழைக்குப் பின்னாலும் ஒரு லாஜிக் இருக்கு. மாணவன் தனக்குள் ஒரு விதி வைத்திருக்கிறான். அந்த விதி தப்பு, ஆனா அதை அவன் ஒழுங்காகத்தான் கடைப்பிடிக்கிறான். வாத்தியார் வேலை சிவப்பு மையில் சுழிப்பது இல்லை, அந்த விதியைக் கண்டுபிடிப்பது.

பக் வந்தால் புரோகிராமரைத் திட்டாமல் லாகைப் படி என்று நாம சொல்றோமே, அதேதான். நமக்கு அது கம்ப்யூட்டர் விஷயத்தில் சுலபமா வருது. மனுஷங்க விஷயத்தில் அவ்வளவு பொறுமை வர்றதில்லை. ஷாக்னஸி புத்தகம் வந்த மறு வருஷமே, 1978-ல் காலமாகிவிட்டார்.

அதே 'சீக்' வகுப்புகளில் பாடம் எடுத்தவர்கள் யார் யாரென்று பார்த்தால் மயக்கமே வரும். ஏட்ரியன் ரிச், ஆட்ரி லார்ட், ஜூன் ஜோர்டன், டோனி கேட் பம்பாரா. அமெரிக்க இலக்கியத்தின் பெரிய தலைகள். 'ரெமிடியல்' என்று முத்திரை குத்தப்பட்ட பையன்களுக்கு அந்தக் காலத்தின் முதல் வரிசை எழுத்தாளர்கள் கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்!

1976: கதவுக்கு டிக்கெட்

ஆறு வருஷம்தான் ஓடியது. 1975-ல் நியூயார்க் நகரம் திவாலாகும் நிலைக்கு வந்தது. மத்திய அரசு முதலில் கைவிரித்தது. செலவைக் குறை என்ற கடன்காரர்கள், அரசியல்வாதிகள் எல்லார் கண்ணிலும் பட்டது இலவசக் காலேஜ். 1976 மே கடைசியில் சம்பளம் கொடுக்கக் காசில்லாமல் பல்கலைக்கழகம் மொத்தமும் ரெண்டு வாரம் மூடப்பட்டது. அந்த இலையுதிர் காலத்திலிருந்து ஃபீஸ். 1847-லிருந்து 129 வருஷம் இலவசமாக இருந்தது முடிந்தது.

முதலாம் உலகப் போர் வந்தபோது ஃபீஸ் இல்லை. 1930-களின் பெருமந்தத்தில் ஊரே சூப்புக்கு கியூவில் நின்றபோதும் ஃபீஸ் இல்லை. கறுப்பினத்தவரும் போர்ட்டோ ரிக்கர்களும் பெரும் எண்ணிக்கையில் உள்ளே வந்த ஆறாவது வருஷம் ஃபீஸ் வந்தது. காரணம் பட்ஜெட்தான், யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வருஷக் கணக்கைப் பார்க்கும்போது தொண்டையில் ஏதோ சிக்குது.

ஹோஸ்டோஸ் காலேஜை பிராங்க்ஸ் காலேஜோடு சேர்த்து மூடிவிடலாம் என்றும் முடிவெடுத்தார்கள். ஸ்பானிஷ் பேசுபவர்களுக்காக இருமொழியில் பாடம் நடத்திய காலேஜ் அது. மாணவர்கள், வாத்தியார்கள், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் எல்லாரும் சேர்ந்து 1976 வசந்தத்தில் கட்டிடத்தைக் கைப்பற்றி சுமார் மூணு வாரம் உள்ளேயே இருந்தார்கள். கடைசியில் மாநில சட்டசபை காலேஜைக் காப்பாற்றியது. இன்றைக்கும் இருக்கு.

அப்புறம் அவங்க என்ன ஆனாங்க?

"கதவைத் திறந்து விட்டீங்க, பாதிப் பேர் பாதியில் நின்னுட்டான், காசு வேஸ்ட்." இதுதான் பல வருஷம் ஓடிய விமர்சனம். அதில் உண்மையும் உண்டு. நிறையப் பேர் பட்டம் வாங்காமல் போனார்கள். 1999-ல் வந்த அரசுக் கமிஷன் அறிக்கை, பல்கலைக்கழகம் திசை தெரியாமல் மிதக்குது என்றது. அதே காலகட்டத்தில் சீனியர் காலேஜ்களில் ரெமிடியல் வகுப்புகளை நிறுத்தினார்கள். எழுத்திலும் கணக்கிலும் தேறாதவன் கம்யூனிட்டி காலேஜுக்குப் போ. மறுபடி ரெண்டு மாடி.

ஆனா ரெண்டு சமூகவியலாளர்கள், பால் அட்டவெல், டேவிட் லவின், ஒரு காரியம் செய்தார்கள். 1970-72-ல் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய ரெண்டாயிரம் பெண்களை முப்பது வருஷம் கழித்துத் தேடிப் பிடித்துப் பேசினார்கள். 2007-ல் 'பாஸிங் த டார்ச்' என்ற புத்தகமாக வந்தது. அந்தப் பெண்களில் 70 சதவீதத்துக்கும் மேல் ஏதாவது ஒரு பட்டத்தை முடித்திருந்தார்கள். நாலு வருஷத்தில் இல்லை. பலர் பத்து வருஷம், அதுக்கும் மேல். கல்யாணம், குழந்தை, வேலை, திரும்ப வந்து ரெண்டு பேப்பர், மறுபடி நின்று, மறுபடி வந்து. நாலு வருஷத்தில் கணக்கை மூடிப் பார்த்தவனுக்கு அவர்கள் ஃபெயில். முப்பது வருஷம் கழித்துப் பார்த்தவனுக்கு பாஸ்.

இன்னும் முக்கியமானது அவங்க பிள்ளைகள். அம்மா காலேஜ் போன வீட்டில் பிள்ளைக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவது, பள்ளிக்கூட விஷயங்களில் கலந்துகொள்வது எல்லாம் கூடியது, பிள்ளைகளும் நல்லாப் படித்தார்கள். ஒரு தலைமுறைக்கு விதைத்ததை அடுத்த தலைமுறையில் அறுத்தாங்க.

ஓட்டை எங்கேன்னு பார்த்து அடைத்தவர்கள்

கடந்த இருபது வருஷத்தில் க்யூனி செய்த மூணு காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. உணர்ச்சி இல்லாமல், 'எங்கே ஆள் விழுறான்'னு பார்த்துச் செய்த வேலைகள்.

ஒண்ணு, 2007-ல் ஆரம்பித்த 'ஏசாப்' திட்டம். முழுநேர மாணவனுக்கு ஃபீஸில் குறையும் பணம், புத்தகம், சப்வே பாஸ், அடிக்கடி கூப்பிட்டு விசாரிக்கும் ஒரு ஆலோசகர். அவ்வளவுதான். குலுக்கல் முறையில் மாணவர்களை ரெண்டாகப் பிரித்து சோதித்ததில், மூணு வருஷத்தில் அசோசியேட் பட்டம் முடித்தவர்கள் திட்டத்தில் இல்லாதவர்களில் 22 சதவீதம், திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம். புத்திசாலித்தனம் மாறலை. பஸ் காசு மாறியது, கேக்க ஒரு ஆள் இருந்தார்.

ரெண்டு, அல்ஜீப்ரா. லிபரல் ஆர்ட்ஸ் படிக்க வந்தவர்களில் ஏராளமானோர் ரெமிடியல் அல்ஜீப்ராவிலேயே சிக்கி வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். 2013-ல் மூணு கம்யூனிட்டி காலேஜ்களில் ஒரு பரிசோதனை. ஒரு குழுவுக்கு வழக்கமான அல்ஜீப்ரா. இன்னொரு குழுவுக்கு அதைத் தாண்டி நேரா காலேஜ் லெவல் ஸ்டாடிஸ்டிக்ஸ், கூட வாராந்திர பயிற்சி. அல்ஜீப்ராவில் தேறியவர்கள் 39 சதவீதம். ஸ்டாடிஸ்டிக்ஸில் 56. மேல் வகுப்புப் பாடத்தில்தான் அதிகம் பேர் பாஸ்!

மூணு, கிரெடிட் மாற்றம். கம்யூனிட்டி காலேஜில் படித்த பேப்பரை சீனியர் காலேஜ் ஏத்துக்காது. "எங்க சிலபஸ் வேற." மாணவன் அதே பாடத்துக்கு மறுபடி ஃபீஸ் கட்டணும். 2013-ல் எல்லாக் கல்லூரிக்கும் முப்பது கிரெடிட் பொதுப்பாடம் என்று கொண்டுவந்தார்கள். தரம் குறையும் என்று பேராசிரியர் சங்கம் கோர்ட்டுக்கே போனது. அவங்க கவலை முழுக்க வெட்டி என்று சொல்ல மாட்டேன், பாடத்தை வாத்தியார்தான் முடிவு பண்ணணும். ஆனா இன்டர்ஃபேஸ் ஒத்துப்போகலைன்னா டேட்டா தொலையும். இங்கே தொலைந்தது ஒருத்தனோட ஒரு வருஷம்.

இப்போ

2025-ல் நியூயார்க் மாநிலம் ஒரு நல்ல காரியம் செய்தது. 25 முதல் 55 வயசு வரை, பட்டம் இல்லாதவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜ் இலவசம். 'இலவசம்' என்ற வார்த்தை மறுபடி காதில் விழுந்தது. ஆனா எல்லாப் படிப்புக்கும் இல்லை. தேவை அதிகமுள்ள துறைகளுக்கு மட்டும். நர்ஸிங், இன்ஜினியரிங், சைபர் செக்யூரிட்டி, செயற்கை நுண்ணறிவு, இப்படி. லிபரல் ஆர்ட்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை.

அரசாங்கத்தின் நியாயம் புரியுது. காசு போட்டா வேலை கிடைக்கணும். நானும் அந்தப் பட்டியலில் உள்ள படிப்பைப் படித்து, அதில் கிடைத்த சம்பளத்தில் சாப்பிடுறவன்தான். ஆனா பழைய வேலி திரும்ப முளைக்குதோ என்று தோணுது. நாற்பது வயசு ஆஸ்பத்திரி ஊழியருக்கு நர்ஸிங் படிக்க அரசு காசு கொடுக்கும், சரித்திரமோ தத்துவமோ படிக்கணும்னா அவரே பார்த்துக்கணும். யோசிக்கிற படிப்பு காசுள்ளவனுக்கு, கைவேலைப் படிப்பு மத்தவனுக்கு. கைவேலையின் பேர் மட்டும் இப்போ கோடிங், சைபர் செக்யூரிட்டின்னு மாறியிருக்கு!

1969-ல் கேட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்த பிள்ளைகள் கேட்டது வேலைக்கான டிரெய்னிங் இல்லை. டவுன்செண்ட் ஹாரிஸ் கேட்டதும் அது இல்லை. பணக்காரன் பிள்ளை எதைப் படிக்கிறானோ அதையே எங்க பிள்ளையும் படிக்கணும் என்பதுதான் ரெண்டு பேர் கட்சியும். 'என்ன வேலை கிடைக்கும்' என்ற கேள்வி தப்பில்லை. அந்தக் கேள்வியை ஏழையிடம் மட்டும் கேட்பதுதான் இடிக்குது.

நீங்க என்ன நினைக்கிறீங்க? பொது ஜனம் வரிப்பணத்தில் ஒருத்தர் தத்துவம் படிக்கலாமா, கூடாதா? இன்ஜினியர் மக்களே, கும்முறதா இருந்தாலும் பரவாயில்லை, வாங்க பேசுவோம் :-)

கொசுறு: 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தின் ஏழாம் எண் கட்டிடம் சரிந்தபோது, பக்கத்தில் இருந்த மன்ஹாட்டன் கம்யூனிட்டி காலேஜின் ஃபிட்டர்மன் ஹால் பாழானது. இடித்துவிட்டு அதே இடத்தில் புதுக் கட்டிடம் கட்டி 2012-ல் திறந்தார்கள். மன்ஹாட்டனில் அந்த விலையுள்ள மண்ணில் ஆபீஸ் டவர் எழுப்பாமல் மறுபடி வகுப்பறையே கட்டினாங்களே, அதுக்கு ஒரு சபாஷ்.